தாளிக்கக் கூடாத வீட்டில் ஒரு கணக்காளர்

ஜூன் 9, ஞாயிறு

வேலை கிடைக்கும்வரை கைப்பழக்கம் விட்டுப்போகக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன். சிவகாசியில் ஒரே பட்டாசு ஆலையில் பதிமூன்று வருடம் கணக்கு எழுதியவன் நான். எதையாவது பதியாமல் ஒரு நாளும் படுத்ததில்லை. இங்கே பதிவதற்கு ஒன்றுமில்லை. ஆகவே என்னையே பதிகிறேன்.

நேற்று சிங்கப்பூர் வந்து சேர்ந்தேன். மனைவி பூங்கனி மூன்று மாதம் முன்பே வந்துவிட்டாள். மருந்துகளைச் சோதிக்கும் ஆய்வுக்கூடம் ஒன்றில் வேலை. கல்யாணத்துக்கு முன்பு எங்கள் ஆலையில்தான் அவளும் இருந்தாள். பச்சை மத்தாப்பு ஏன் மஞ்சளாக எரிகிறது என்று கண்டுபிடிப்பது அவள் வேலை. அதற்கு எவ்வளவு செலவானது என்று எழுதுவது என் வேலை. அப்படித்தான் பழக்கம்.

யீஷூனில் ஒன்பதாம் மாடியில் ஓர் அறை. வீடு லீலாவதி ஆன்ட்டியுடையது. இங்கேயே பிறந்தவர், வயது அறுபது இருக்கும். பள்ளி வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறார். வந்தவுடன் என்னைச் சமையலறையில் நிறுத்திவைத்துச் சட்டம் சொன்னார்.

“தம்பி, லைட் குக்கிங் மட்டும்தான், சரியா? சோறு வைக்கலாம், மேகி போடலாம், முட்டை அவிக்கலாம். தாளிக்க மட்டும் கூடாது. எண்ணெய் வாடை ஏர்கான்ல ஏறிக்கும்.”

“சாம்பார் வைக்கலாமா ஆன்ட்டி?”

“வைங்க.”

“தாளிக்காமலா?”

“அது உங்க பாடு லா.” இந்த ஊர்ப் பேச்சு ‘லா’ என்றுதான் முடிகிறது.

ஆறு வாரத்தில் வேலை வாங்கிவிடுவேன் என்று கனியிடம் சொல்லியிருக்கிறேன். அவள், “அவசரமில்லைங்க” என்றாள். எனக்குத்தான் அவசரம்.

ஜூன் 11, செவ்வாய்

ஊரிலிருந்து முதலாளி அண்ணாச்சி போன் செய்தார். “உன் ராஜினாமாவ டிராயர்லதான் போட்டு வச்சிருக்கேன். செப்டம்பர் முப்பது வரைக்கும் பார்ப்பேன். அதுக்கு மேல தீபாவளிக் கணக்கு முடிக்க ஆள் வேணும்” என்றார். சரி என்றேன்.

இதைக் கனியிடம் சொல்லவில்லை. மறைத்தேன் என்று ஆகாது. அவள் கேட்கவில்லை.

ஜூன் 14, வெள்ளி

கடைக்குப் போனால் எந்தப் பொருளைத் தொட்டாலும் மனம் தானாக ரூபாய்க்கு மாற்றிவிடுகிறது. இன்று ஒரு முருங்கைக்காயைப் பார்த்துவிட்டு அங்கேயே கொஞ்ச நேரம் நின்றேன். இனிமேல் பெருக்கக் கூடாது என்று கனி உத்தரவு போட்டிருக்கிறாள். ஆக, இந்த வீட்டில் தாளிக்கவும் கூடாது, பெருக்கவும் கூடாது. துடைப்பத்தால் மட்டும் பெருக்கலாம். அது என் வேலை.

ஜூன் 20, வியாழன்

ஆள் எடுத்துத் தரும் ஏஜென்சியிலிருந்து ஒரு பெண் பேசினாள். நல்ல தமிழ்.

“பாஸ் என்ன சார் வச்சிருக்கீங்க?”

“டிபென்டன்ட் பாஸ்.”

“அதுல இருக்கலாம் சார். வேலை செய்ய முடியாது. எடுக்குற கம்பெனி உங்களுக்குத் தனியா வேலை பாஸ் போடணும். வெளிநாட்டு ஆள் எடுக்க அவங்களுக்குக் கோட்டா இருக்கணும்.”

“அப்ப நான் இங்க இருக்கிறதுல என்ன லாபம்?”

“இன்டர்வியூவுக்குச் சீக்கிரம் வரலாம் சார்.”

அந்தப் பெண் கேலி செய்யவில்லை. உண்மையைத்தான் சொன்னாள். என் அட்டையை எடுத்து மறுபடி பார்த்தேன். டிபென்டன்ட் என்றால் சார்ந்திருப்பவர். பதினெட்டு பேர் இருந்த கணக்குப் பிரிவுக்கு நான் தலைமை. போகட்டும்.

ஜூன் 27, வியாழன்

முதல் நேர்காணல். சரக்கு அனுப்பும் கம்பெனி. என் விவரத்தாளைப் படித்துக்கொண்டே வந்த இளைஞர் ஓர் இடத்தில் நின்றார்.

“வெடிபொருள் என்று போட்டிருக்கிறீர்களே?”

“ஆமாம் சார். பதிமூன்று வருடம்.”

“நீங்கள் கையால் தொடுவீர்களா?”

“இல்லை. விலை மட்டும் போடுவேன்.”

அவர் நாற்காலியைப் பின்னால் நகர்த்தியது தற்செயலாகவும் இருக்கலாம். பட்டாசு வெடித்தால் போலீஸ் வரும் ஊரில் அவரைக் குறை சொல்ல முடியாது. கனி வீட்டுக்கு வந்து, விவரத்தாளில் ‘வெடிபொருள்’ என்பதை அடித்துவிட்டு ‘பண்டிகைப் பொருட்கள்’ என்று மாற்றினாள். மாற்றிவிட்டு, போர்வைக்குள் முகத்தை வைத்துக்கொண்டு வெகுநேரம் சிரித்தாள். சத்தமாகச் சிரித்தால் ஆன்ட்டிக்குக் கேட்கும்.

ஜூலை 12, வெள்ளி

இன்று போனது ஒரு மீன் பண்ணை. சாப்பிடுகிற மீன் அல்ல, தொட்டியில் விட்டுப் பார்க்கிற மீன். லிம் சூ காங் பக்கம், பேருந்தை விட்டு இறங்கி வெயிலில் நடக்க வேண்டும். இந்தத் தீவில் இப்படியும் மரமும் மண்ணுமாக ஓர் இடம் இருக்கிறது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. முதலாளி மிஸ்டர் கோ அரைக்கால் சட்டையும் ரப்பர் பூட்ஸுமாக வந்தார். அலுவலகத்துக்குள் கூப்பிடவில்லை. தொட்டிகளுக்கு நடுவிலேயே நடந்துகொண்டு கேள்வி கேட்டார். அவர் ஆங்கிலம் அவர் வீட்டு நடையில், என் ஆங்கிலம் சிவகாசி நடையில். ஆனாலும் புரிந்துகொண்டோம்.

“என் ஸ்டாக் ராத்திரி குட்டி போடும், காலையில செத்துப்போகும். நீ எப்படிக் கணக்கு எழுதுவ?”

“எங்க ஸ்டாக்கும் மழை பெஞ்சா செத்துப்போகும் சார். குட்டி மட்டும் போடாது.”

நின்று என்னைத் திரும்பிப் பார்த்தார். “என்ன ஸ்டாக்?”

ஒரு நொடி யோசித்தேன். பிறகு, “பட்டாசு” என்றேன்.

அவர் வாய்விட்டுச் சிரித்தார். சின்ன வயதில் எங்கோ உறவினர் வீட்டில் பட்டாசு வெடித்து விரலைச் சுட்டுக்கொண்ட கதையைச் சொல்லி விரலைக் காட்டினார். நானும் என் முழங்கைத் தழும்பைக் காட்டினேன். அரைமணி நேரம் இப்படிப் போனது. பிறகு சாகும் மீனை எந்தத் தலைப்பில் எழுதுவது, புதிதாகப் பிறந்ததற்கு எப்போது விலை போடுவது என்று பேசினோம். இந்த ஊருக்கு வந்து இன்றுதான் வயிறு நிறையப் பேசினேன்.

கடைசியில், “உன்னைப் பிடிச்சிருக்கு. ஆனா கோட்டா ஃபுல் லா. யாராவது போனா கூப்பிடுறேன்” என்றார்.

யாரும் போக மாட்டார்கள். அங்கே மரமெல்லாம் இருக்கிறது.

ஜூலை 20, சனி

நான் சொன்ன ஆறு வாரம் இன்றோடு முடிந்தது. கனி ஞாபகப்படுத்தவில்லை. நானும் ஞாபகப்படுத்தவில்லை. மாலையில் இரண்டு பேருமாகப் போய்த் தலையணை உறை வாங்கினோம்.

ஜூலை 30, செவ்வாய்

இங்கே துணி காயப்போட ஜன்னலுக்கு வெளியே கழி நீட்டிக்கொண்டிருக்கும். துணியைக் கோத்த கழியைத் தூக்கி வெளியே சொருக வேண்டும். மேலே வானம், கீழே ஒன்பது மாடி. நல்ல காற்று. என் வேட்டி கிளிப்பை உதறிவிட்டுப் போயேவிட்டது.

“தம்பி, கீழ விழுந்து யார் மேலயாவது பட்டா ஃபைன் வரும்” என்றார் ஆன்ட்டி. ஓடினேன். நாலாம் மாடியில் ஒரு வீட்டுக் கழியில் அது அழகாக விரிந்து கிடந்தது, நானே காயப்போட்டதைவிடச் சுருக்கமில்லாமல். கதவைத் தட்டினேன். மலாய்க்காரர் ஒருவர் கைலியோடு வந்தார். வேட்டியை எடுத்துக் கொடுத்துவிட்டு, கரையைத் தடவிப் பார்த்து, நல்ல துணி என்றார். “இன்றைக்கு வேலை இல்லையா?” என்று கேட்டார்.

“இன்றைக்கு இல்லை” என்றேன். அது பொய் இல்லை.

ஆகஸ்ட் 9, வெள்ளி

தேசிய தினம். கடலோரத்தில் வாணவேடிக்கை. கூட்டத்தில் நின்று பார்த்தோம். எல்லாரும் மேலே பார்த்து ஆ என்றார்கள். கனி, “பச்சை சுத்தமான பச்சைங்க” என்றாள். ஆமாம் என்றேன். இந்த ஈரக் காற்றிலும் நமுக்காமல் எரிந்தது, நல்ல சரக்கு.

திரும்பும்போது தலைவலி என்று சொன்னேன். புகை ஒத்துக்கொள்ளவில்லை.

ஆகஸ்ட் 17, சனி

கனியின் ஆய்வுக்கூடத்தில் குடும்ப தினம். ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரையில் அடுப்பு மூட்டி இறைச்சி சுட்டார்கள். கனி தன் பக்கத்து மேசைக்காரியை அறிமுகப்படுத்தினாள். வெய் லிங். கையில் சோளத்தோடு வந்து உட்கார்ந்து அந்தப் பெண் கேட்டாள்:

“மிஸ்டர் காளிராஜன், வீட்டிலிருந்தே வேலை பார்ப்பது எப்படி இருக்கிறது?”

நான் கனியைப் பார்த்தேன். கனி கடலைப் பார்த்தாள்.

“உங்கள் மனைவி சொன்னாள். இந்தியக் கம்பெனிகளுக்கு நிதி ஆலோசகராமே. எனக்கு ஒரு யோசனை சொல்லுங்களேன், போனஸ் வருகிறது. எதில் போடலாம்?”

“தங்கம்” என்றேன். வேறென்ன சொல்வது. என் அம்மா எல்லாருக்கும் அதைத்தான் சொல்வாள்.

“ஏன் தங்கம்?”

“உலக நிலவரம்” என்றேன். அவள் தலையாட்டினாள். பிறகு இன்னும் இரண்டு பேர் வந்து கேட்டார்கள். அவர்களுக்கும் உலக நிலவரம்தான்.

எனக்கு ஒன்றும் வருத்தமில்லை. இறால் நன்றாக இருந்தது.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

சமைக்கவில்லை. கடையில் வாங்கிக்கொண்டோம். தனித்தனியாக.

ஆகஸ்ட் 24, சனி

குளித்துவிட்டு வந்தேன். கனி கட்டிலில் உட்கார்ந்திருந்தாள், என் போன் அவள் மடியில்.

“அண்ணாச்சி பேசினாரு. செப்டம்பர் முப்பதுக்குள்ள பதில் சொல்லணுமாம். நீங்க வருவீங்கன்னு நாற்காலியத் துடைச்சு வச்சிருக்காராம்.” மெல்லிய குரல்தான். இந்த அறையில் வேறு குரலில் பேச முடியாது. சுவருக்கு அந்தப் பக்கம் ஆன்ட்டி சீரியல் பார்க்கிறார்.

நான் தலை துவட்டினேன். துவட்ட வேண்டிய அளவுக்கு மேலேயே துவட்டினேன்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

சண்டை போடவும் இந்த ஊரில் இடம் வேண்டும். அறையில் முடியாது. கீழ்த்தளத்துக்குப் போனோம், அங்கே ஒரு கல்யாணத்துக்கு நாற்காலி போட்டுக்கொண்டிருந்தார்கள். பூங்காவில் வயதானவர்கள் பாட்டு வைத்துக் கைகாலை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். கனி பேருந்து நிறுத்தத்தைக் காட்டினாள். விமான நிலையம் வரை போய்ச் சுற்றித் திரும்பும் இரட்டை மாடிப் பேருந்து. ஏறி மாடியின் முன்வரிசையில் உட்கார்ந்தோம். எங்களைத் தவிர யாருமில்லை. இந்தத் தீவிலேயே மலிவான தனியறை அதுதான்.

முதல் மூன்று நிறுத்தம் போனது. பிறகு அவள் ஆரம்பித்தாள்.

“ராஜினாமா பண்ணிட்டு வந்தேன்னு சொன்னீங்க.”

“பண்ணினேன். அவர் டிராயர்ல போட்டுக்கிட்டா நான் என்ன செய்ய.”

“டிராயர்ல இருக்கிறது உங்களுக்குத் தெரியும்.”

“தெரியும்.”

“அப்ப நீங்க இங்க வரல. சுத்திப் பார்க்க வந்திருக்கீங்க.”

இதற்கு எனக்குக் கோபம் வந்தது. “சுத்திப் பார்க்க வந்தவன்தான் உன் துணியத் துவைக்கிறானா? நீ மட்டும் என்ன? என்னைய நிதி ஆலோசகர்னு ஊருக்கே சொல்லி வச்சிருக்க. வேலையில்லாதவன்னு சொல்ல உனக்கு வெக்கம்.”

பேருந்து ஒரு வளைவில் சாய்ந்தது, முன்னால் இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

“வெக்கமில்ல. தினமும் கேக்குறாங்க. உன் வீட்டுக்காரருக்கு வேலை கெடச்சுதா, கெடச்சுதான்னு. இல்லன்னு சொன்னா ஒரு மூஞ்சி வைப்பாங்க, ஐயோ பாவம்னு. முதல் மாசம் அந்த மூஞ்சிய நான் பார்த்துட்டேன். அது உங்களப் பத்தி வைக்கிற மூஞ்சி. என்னால அதப் பார்த்துக்கிட்டு உக்கார முடியல. அதான் ஒரு நாள் வாயில வந்ததச் சொல்லிட்டேன்.”

“நிதி ஆலோசகர்னா வந்துச்சு?”

“கொஞ்சம் பெருசா வந்துருச்சு.”

சிரிப்பு வந்தது. ஆனால் சண்டை முடியவில்லை என்பதால் சிரிக்கவில்லை. அதற்குள் பேருந்து விமான நிலையத்துக்குள் நுழைந்தது. பெட்டிகளோடு ஆட்கள் இறங்கினார்கள். கதவு திறந்தே கிடந்தது. கனி கீழே படிக்கட்டுப் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னாள்:

“போகணும்னா போங்க. நான் தடுக்கல. ஆனா எங்கிட்ட சொல்லிட்டுப் போங்க. டிராயர் வழியாப் போகாதீங்க.”

கதவு மூடியது. பேருந்து திரும்பியது. வரும் வழியில் அவள் தூங்கிவிட்டாள். கடற்கரைப் பக்கம் கப்பல்கள் வரிசையாக நின்றன. பார்க்க நன்றாக இருந்தது. வெகுநேரம் அதைத்தான் பார்த்தேன்.

செப்டம்பர் 3, செவ்வாய்

கனி இன்று வெய் லிங்கிடம் உண்மையைச் சொல்லிவிட்டாளாம். ஆலோசகர் இல்லை, வேலை தேடிக்கொண்டிருக்கிறார் என்று.

“என்ன சொன்னா?”

“முதல்லயே தெரியுமாம். தங்கம் வாங்கச் சொன்ன நிதி ஆலோசகர அவ பார்த்ததே இல்லையாம்.”

“அப்படியா.”

“ஆனா வாங்கிட்டாளாம். விலை ஏறியிருக்காம். உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னா.”

வந்த நாளிலிருந்து நான் செய்த ஒரே தொழில் ரீதியான காரியம் இது. நல்ல லாபத்தில் முடிந்திருக்கிறது.

செப்டம்பர் 12, வியாழன்

மூன்று இடத்திலிருந்து வருந்துகிறோம் என்று பதில். ஒன்றில் என் பெயருக்குப் பதிலாக வேறொருவர் பெயர் இருந்தது. அவருக்காகவும் வருந்தினேன்.

கனி இப்போதெல்லாம் தாமதமாக வருகிறாள். புது எந்திரம் வந்திருக்கிறதாம், அதைப் பழக வேண்டுமாம். வந்து சாப்பிட்டுவிட்டு, “நல்லா இருக்கு” என்று சொல்லிப் படுத்துவிடுகிறாள். தாளிக்காத ரசம் எப்படி நன்றாக இருக்கும்.

மதியம் கட்டிலுக்கு அடியிலிருந்து என் பெட்டியை எடுத்துத் துடைத்தேன். இந்த ஈரத்துக்குப் பூஞ்சை பிடிக்கும். அதற்காகத்தான். சக்கரத்துக்கும் எண்ணெய் விட்டேன்.

செப்டம்பர் 21, சனி

பெட்டியை அதன் இடத்தில் இல்லாமல் வேறிடத்தில் வைத்துவிட்டேன் போலிருக்கிறது. கனி தடுக்கி விழப்பார்த்தாள். உள்ளே தள்ளிவிட்டாள்.

செப்டம்பர் 30, திங்கள்

காலையில் கனி கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, “இன்னைக்குத் தேதி என்ன?” என்றாள். முப்பது என்றேன். “ம்” என்று சொல்லிவிட்டுப் போனாள். லிஃப்ட் வரும்வரை திரும்பிப் பார்க்கவில்லை. வந்தபிறகு பார்த்தாள்.

ஒரு வாளித் துணியைத் துவைத்துக் காயப்போட்டேன். தரை துடைத்தேன். ஆன்ட்டியின் சமையலறை ஜாடிகளைக்கூடத் துடைத்தேன். பதினோரு மணிக்குத்தான் போனை எடுத்தேன்.

“அண்ணாச்சி, நான் வரல.”

“வேல கெடச்சிருச்சாப்பா?”

“இல்ல.”

“பின்ன?”

“வரல அண்ணாச்சி. இங்கதான் இருக்கப் போறேன்.”

நான் இதற்கு மேல் நிறையப் பேசத் தயாரித்து வைத்திருந்தேன். பதிமூன்று வருட நன்றி, ஆலைக்கு என் வணக்கம் எல்லாம். அவர் இடைமறித்தார்.

“ரொம்ப நல்லதுப்பா. நானே எப்படிச் சொல்றதுன்னு முழிச்சிட்டு இருந்தேன். போன வாரமே திருத்தங்கல்காரர் ஒருத்தரச் சேர்த்தாச்சு. தீபாவளிச் சரக்கு லாரி லாரியாப் போகுது, நாற்காலிய வச்சிக்கிட்டு நான் என்ன பூசையா பண்ண முடியும்?”

பெரிய தியாகம் செய்வதாக நினைத்துக்கொண்டு, இல்லாத நாற்காலியை விட்டுக்கொடுத்திருக்கிறேன். போனை வைக்கப் போனேன்.

“உங்க வீட்டம்மாவ விசாரிச்சதாச் சொல்லு. அது கேட்டப்ப என்னால செய்ய முடியல, மனசுல ஒண்ணும் வச்சிக்க வேண்டாம்னு சொல்லு.”

“கனியா? என்ன கேட்டா?”

“உனக்குத் தெரியாதா? போன மாசக் கடைசில போன் பண்ணுச்சு. உன் நாற்காலிய டிசம்பர் வரைக்கும் வச்சிருக்க முடியுமான்னு. ‘அவர் இங்க இருந்தா, இருக்கணும்னு ஆசைப்பட்டு இருக்கணும் அண்ணாச்சி, போக்கிடம் இல்லாம இருக்கக் கூடாது’ன்னு சொல்லுச்சு. எனக்கே ஒரு மாதிரி ஆயிருச்சு. ஆனா தீபாவளி யாருக்காகக் காத்திருக்கும்?”

அதன் பிறகு அவர் என்ன பேசினார் என்று சரியாகக் கேட்கவில்லை.

கனி வரும்வரை காத்திருந்தேன். வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன், விட்டுவிடாமல். அவள் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

“அப்ப அங்கயும் உங்களுக்கு வேலை இல்ல.”

“இல்ல.”

“இங்கயும் இல்ல.”

“இல்ல.”

“ஆனா நீங்க போன் போட்டு, வரலன்னு சொன்னது, இது தெரியுறதுக்கு முன்னாடி.”

“ஆமா.”

அவள் பையைக் கட்டிலில் போட்டாள். முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்துப் பக்கத்தில் உட்கார்ந்தேன். சிரிப்பு. பிறகு இரண்டும் கலந்து வந்தது. எனக்கும் தொற்றிக்கொண்டது. திருத்தங்கல்காரர் என் நாற்காலியில் உட்கார்ந்து என் பேனாவைத் தேடுவதை நினைத்து மறுபடி சிரித்தோம். கதவு தட்டப்பட்டது.

“என்னா சத்தம்? வேலை கெடச்சிருச்சா?” என்றார் ஆன்ட்டி.

“இல்ல ஆன்ட்டி” என்று இரண்டு பேரும் ஒன்றாகச் சொன்னோம்.

அவர் எங்களை மாறி மாறிப் பார்த்துவிட்டு, கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டு போனார்.

அக்டோபர் 4, வெள்ளி

ஆன்ட்டி தீபாவளி முறுக்கு வியாபாரத்தைத் தொடங்கிவிட்டார். அடுப்பில் பெரிய வாணலி, அதில் குளம்போல எண்ணெய். நான் ஏர்கானைப் பார்த்தேன். நான் பார்ப்பதை அவர் பார்த்தார்.

“இது பிசினஸ் எண்ணெய் தம்பி. வாடை வராது.”

முறுக்கைப் பொட்டலம் கட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. மிஸ்டர் கோ. கணக்குப் பிரிவில் இருந்த பெண் பினாங்குக்குக் கல்யாணமாகிப் போகிறாளாம். கோட்டாவில் இடம் இருக்கிறது.

“ஆனா வேலை அசிஸ்டென்ட் லா. மேல ஷெரில் இருக்கா, இருபத்தேழு வயசு, கொஞ்சம் கண்டிப்பு. நீ அங்க பெரிய ஆளா இருந்தவன். உனக்குச் சரிப்படுமா?”

ஜூன் மாதமாக இருந்திருந்தால் யோசித்துச் சொல்கிறேன் என்றிருப்பேன். கையெல்லாம் முறுக்குத் தூள். “சரிப்படும் சார்” என்றேன்.

பாஸ் கிடைத்தால்தான் நிச்சயம். கனியிடம் அப்படித்தான் சொன்னேன். அவளும் நிச்சயமானதும் கொண்டாடலாம் என்றாள். சொல்லிவிட்டுப் போய் ஐஸ்கிரீம் வாங்கி வந்தாள்.

அக்டோபர் 15, செவ்வாய்

பாஸ் விஷயம் ஒன்றும் தெரியவில்லை. அந்த இணையப் பக்கத்தைத் திறந்து பார்ப்பதே தொழிலாகிவிட்டது. இனி ஒரு நாளைக்கு ஒருமுறைதான் பார்க்க வேண்டும் என்று கனி சொல்லியிருக்கிறாள். அவள் ஆய்வுக்கூடத்திலிருந்து பார்க்கிறாள் என்பது எனக்குத் தெரியும்.

அக்டோபர் 22, செவ்வாய்

வந்துவிட்டது.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. பட்டாசு இல்லாத தீபாவளி எனக்கு இதுதான் முதல். காலையில் வழக்கம்போலக் காது அதை எதிர்பார்த்து விழித்துக்கொண்டது. லிஃப்ட் சத்தம் மட்டும் கேட்டது. ஆன்ட்டி, கனி, நான் மூவரும் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டோம். புதுச் சட்டையை, வேலையில் சேரும் திங்கட்கிழமைக்கு எடுத்து வைத்திருக்கிறேன் என்றேன். “இன்னைக்குப் போடுங்க தம்பி, திங்கக்கிழமைக்கு நான் அயர்ன் பண்ணித் தாரேன்” என்றார் ஆன்ட்டி.

நவம்பர் 4, திங்கள்

முதல் நாள்.

புதுச் சட்டையோடு போனேன். ஷெரில் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸை நீட்டினாள். மாதக் கையிருப்பு எடுக்கும் நாளாம். “உட்கார்ந்து எழுதுவது நாளைக்கு” என்றாள். கண்டிப்புதான். ஆனால் தொட்டிக்குத் தொட்டி நின்று, எதை எப்படி எழுதுவது என்று பொறுமையாகச் சொன்னாள். ஒரு தொட்டியில் நான் எண்ணி முடிப்பதற்குள் ஒரு மீன் குட்டி போட ஆரம்பித்துவிட்டது. எண்ணிக்கையைச் சொன்னேன், கொஞ்சம் பொறுங்கள், மாறுகிறது என்றேன். அவள் எட்டிப் பார்த்தாள். கண்டிப்பானவர்களும் குட்டி மீனைப் பார்த்தால் முகம் மாறிவிடுகிறார்கள்.

மதியம் எல்லாரும் நீள மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். பண்ணை ஆள் ஒருவர் என்ன வேலைக்கு வந்திருக்கிறாய் என்று கேட்டார். “கணக்கு” என்றேன். அவ்வளவுதான், அவர் சோற்றைப் பிசையப் போய்விட்டார். யாரும் எந்த மூஞ்சியும் வைக்கவில்லை. அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல இத்தனை மாதம் ஆகியிருக்கிறது.

திரும்பும்போது மழை. பேருந்து மெதுவாக வந்தது. ஒன்பதாம் மாடிக்கு வரும்போது நன்றாக இருட்டிவிட்டது. சாவியைத் தேடிப் பையைத் துழாவிக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து கதவு திறந்தது. கனி. எனக்கு முன்பே வந்துவிட்டிருக்கிறாள். கையில் கரண்டி, முன்நெற்றியில் மாவு.

இத்தனை நாளும் கதவைத் திறந்துவிட்டவன் நான். அவள்தான் வெளியே நிற்பவள்.

“ஏன் இவ்வளவு லேட்டு?” என்றாள்.

அந்தக் கேள்வி எனக்கு மிகவும் பிடித்திருந்தது. கொஞ்ச நேரம் வாசலிலேயே நின்றேன். அவள் என்னை முகர்ந்து பார்த்துவிட்டு இரண்டடி பின்னால் போனாள்.

“மொதல்ல குளிச்சிட்டு வாங்க. அப்புறம் சாப்பாடு. அதுக்கப்புறம் எல்லாத்தையும் சொல்லுங்க.”

குளியலறைக் கதவை மூடுவதற்குள், மீன் குட்டி போட்டதைச் சொல்லிவிட்டேன்.